வெயிலில் கூசாத கண்: காருக்குத் தேவை கூடுதல் மெகாபிக்சல் அல்ல!

ஜன்னலுக்கு முன்னால் நின்று செல்ஃபி எடுத்தால் என்ன ஆகும்? ஒன்று, முகம் கறுத்துப்போகும். இல்லையென்றால் ஜன்னல் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துப்போகும். போனில் என்றால் டெலீட் பண்ணிட்டு இன்னொன்று எடுத்துக்கலாம். தானாக பிரேக் போடும் காருக்கு அந்த இரண்டாவது வாய்ப்பு கிடையாது.

2016 மே மாதம், அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஆட்டோபைலட்டில் ஓடிய டெஸ்லா கார், குறுக்கே வந்த டிரெய்லரில் மோதி, அதை ஓட்டியவர் இறந்தார். பளிச்சென்ற வானத்தின் பின்னணியில் டிரெய்லரின் வெள்ளைப் பக்கத்தை அவரும் கவனிக்கவில்லை, ஆட்டோபைலட்டும் கவனிக்கவில்லை என்றது நிறுவனம். டிரக் வழிவிடாதது, ஓட்டியவர் ஆட்டோபைலட்டை மிதமிஞ்சி நம்பியது என வேறு காரணங்களையும் விசாரணை சொன்னது. ஆனாலும், கடினமான வெளிச்சத்தில் இயந்திரக் கண் தடுமாறும் என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

சிக்கல் எங்கே?

சாதாரண வீடியோ கேமரா நொடிக்கு 30 முழுப் படங்கள் எடுக்கும். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் போகும் கார், இரண்டு படங்களுக்கு நடுவில் கிட்டத்தட்ட 1 மீட்டர் நகர்ந்துவிடும். அந்த இடைவெளியில் கேமராவுக்குக் கண் மூடியிருக்கிறது என்றே சொல்லலாம். பல எக்ஸ்போஷர்களை ஒன்றாகச் சேர்க்கும் எச்.டி.ஆர். முறை ஓரளவு உதவும். ஆனால், வேகமாக நகரும் பொருள் அதில் கலங்கித் தெரியலாம்.

கண்ணிடம் கற்ற பாடம்

நம் விழித்திரையில் ஒளியை உணரும் செல்கள் 10 கோடிக்கும் மேல். மூளைக்குப் போகும் நரம்பிழைகளோ சுமார் 10 லட்சம்தான். அதனால் பார்த்ததையெல்லாம் கண் அப்படியே அனுப்புவதில்லை. சலித்து, மாற்றங்களுக்கு முக்கியத்துவம் கொடுத்து அனுப்புகிறது. இதைச் சிலிக்கானில் செய்துகாட்டியவர்கள் அமெரிக்காவின் கால்டெக்கைச் சேர்ந்த மிஷா மஹோவால்டும் கார்வர் மீடும். அந்த வழியில் வந்ததுதான் இன்றைய 'ஈவென்ட் கேமரா'.

இதில் ஃப்ரேம் என்பதே கிடையாது. ஒவ்வொரு பிக்சலும் தனி ஆள். தன் மேல் விழும் ஒளி குறிப்பிட்ட விகிதத்துக்கு மேல் கூடினாலோ குறைந்தாலோ உடனே 'மாறிடுச்சு' என்று சொல்லும். மாறாவிட்டால் சும்மா இருக்கும். விகிதத்தைப் பார்ப்பதால் வெயிலும் நிழலும் ஒரே காட்சியில் இருந்தாலும் சமாளிக்கும். சாதாரண சென்சார் சுமார் 60 டெசிபல், அதாவது 1,000 மடங்கு ஒளி வேறுபாட்டைத் தாங்கும் என்றால், இது 120 டெசிபல், அதாவது 10 லட்சம் மடங்கு தாங்கும்.

அப்போ பழைய கேமராவைத் தூக்கிப் போடலாமா?

கூடாது. காரும் எதிரே உள்ள பொருளும் அசையாமல் நின்றால் ஈவென்ட் கேமராவுக்கு எதுவும் தெரியாது. பெரும்பாலானவற்றில் நிறமும் கிடையாது. மின்னும் எல்.இ.டி. விளக்குகள் தேவையில்லாத சிக்னல்களைக் கொட்டும். கும்மிருட்டில் இரைச்சலும் கூடும்.

சரியான வழி, இரண்டையும் ஜோடி சேர்ப்பதுதான். 2024இல் 'நேச்சர்' இதழில் வெளியான ஜூரிச் பல்கலைக்கழக ஆய்வு இதற்குச் சாட்சி. நொடிக்கு 20 படம் எடுக்கும் கேமராவுடன் ஈவென்ட் கேமராவைச் சேர்த்தபோது, 5,000 படம் எடுக்கும் கேமராவின் வேகத்தில் பொருட்களைக் கண்டறிய முடிந்தது. அதற்குத் தேவைப்பட்ட டேட்டாவோ, 45 படம் எடுக்கும் கேமராவின் அளவுதான்.

மாற வேண்டியது தேர்வுத்தாள்

தொழில்நுட்பம் தயாராகிக்கொண்டிருக்கிறது. ஆனால், சோதனையில் கேட்காத கேள்விக்கு எந்த நிறுவனமும் செலவு பண்ணாது. அமெரிக்காவின் 2024 விதி, 2029 செப்டம்பருக்குள் புதிய கார்களின் தானியங்கி பிரேக், பாதசாரிகளைப் பகலில் மட்டுமல்ல, இருட்டிலும் கண்டுகொள்ள வேண்டும் என்கிறது. நல்ல தொடக்கம். ஆனால், பகலுக்கும் இருட்டுக்கும் நடுவிலும் ஆபத்து இருக்கிறது: சுரங்கப்பாதையின் வாசல், மாலை நேர எதிர்வெயில், எதிரே வரும் ஹைபீம். இவையும் கட்டாயச் சோதனைக்குள் வர வேண்டும். 'எத்தனை மெகாபிக்சல்?' என்று கேட்டுப் பழகிய நாம், கார் வாங்கும்போது 'எதிர்வெயிலில் இதுக்குக் கண் தெரியுமா?' என்றும் கேட்கப் பழக வேண்டும்.