தண்ணீர் குடிக்கக் குடிக்கத் தாகம்!

தைப்பூசத்துக்குப் பழநி போகும் பாதையெங்கும் பந்தல் போட்டு நீர்மோரும் பானகமும் வழங்குவார்கள். களைத்து வருகிறவர்களுக்கு அது அமிர்தம்தான். ஆனால், வேட்டி மடிப்புக்குள் வயிற்றோடு ஒட்டிய பை ஒன்றைச் சுமந்து நடக்கிறவருக்கு அந்தப் பானகமே வினையாகலாம்.

பெருங்குடலை எடுத்துவிட்டாலோ, அதற்கு ஓய்வு கொடுக்க நேர்ந்தாலோ, சிறுகுடலின் நுனியை வயிற்றில் துளையிட்டு வெளியே கொண்டுவந்து வைக்கிறார்கள். 'இலியாஸ்டமி' என்று பெயர். மலம் பையில் சேரும். இதைப் பற்றிப் பேச நம் வீடுகளில் இன்னும் கூச்சம். அந்தக் கூச்சம் உயிருக்கே உலை வைக்கக்கூடும் என்பதால் பச்சையாகவே எழுதுகிறேன்.

வழக்கமாக ஒரு நாளைக்கு 600 முதல் 800 மில்லி வரை கூழ் பதத்தில் இறங்கும். ஒன்றரை லிட்டரைத் தாண்டித் தண்ணீராகக் கொட்டினால் கவனிக்க வேண்டிய சங்கதி. லிட்டருக்கு ஏறக்குறைய 6 கிராம் உப்பும் கூடவே போய்விடுகிறது. அதை மீட்டுத் தர வேண்டிய பெருங்குடல்தான் வேலையில் இல்லையே!

தாகம் எடுக்கிறது. வீட்டார் பரிவோடு செம்பு செம்பாகத் தண்ணீர் தருகிறார்கள். உப்பில்லாத தண்ணீர் குடலுக்குள் வந்ததும் உடம்பின் உப்பு அதற்குள் கசிகிறது. இரண்டும் சேர்ந்து பைக்குப் போகின்றன. மறுபடி தாகம்! இளநீரிலும் உப்பு குறைவு. பானகம், கரும்புச் சாற்றின் சர்க்கரையோ உடம்பு நீரைக் குடலுக்குள் இழுக்கும். உப்புப் போட்ட நீர்மோர் தேவலை, அதுவும் அளவோடுதான்.

உப்பும் குளுக்கோஸும் சரியான அளவில் சேர்ந்தால் குடல் இரண்டையும் ஜோடியாக ஏற்றுக்கொள்ளும். தண்ணீர் பின்னாலேயே போகும். 1971-ல் மேற்கு வங்காள எல்லையிலுள்ள போன்காவ் அகதி முகாமில் காலரா வாட்டியபோது, டாக்டர் திலீப் மகலனாபிஸ் இப்படிப்பட்ட கரைசலைப் பீப்பாய் பீப்பாயாகக் கொடுத்தார். நோயாளிகளில் நூற்றுக்கு நாலு பேருக்கும் குறைவாகவே இறந்தார்கள்.

இலியாஸ்டமிக்காரர்களுக்கு லண்டன் செயின்ட் மார்க்ஸ் ஆஸ்பத்திரியின் கலவை பிரசித்தம்: ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா. கண்ணளவு உதவாது, நிறுத்துப் போடவேண்டும். நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகப் பருகலாம். மற்றப் பானங்களை அரை லிட்டர், மிஞ்சினால் ஒரு லிட்டரோடு நிறுத்தச் சொல்வார்கள். ரத்தக் கொதிப்பு, இருதயக் கோளாறு, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது. லோபரமைடு மாத்திரையும் அவர் சொன்னால்தான். சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு.

சாதம், உப்புக் கஞ்சி, வாழைப்பழம் ஆகியவை இறங்குவதைக் கெட்டியாக்கும். அப்படியானால் பஞ்சாமிர்தம்? வாழைப்பழம் நண்பன்தான், சர்க்கரையும் தேனும்தான் எதிரிகள். பிரசாதமாக நாக்கில் ஒரு துளி வைத்துக்கொண்டால் முருகன் கோபிக்கமாட்டான்.

சிறுநீர் குறைந்து மஞ்சளித்தாலோ, எழுந்தால் தலை சுற்றினாலோ, கெண்டைக்கால் குரக்களி இழுத்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். பை திடீரென்று வறண்டு, வயிறும் வலித்தால் அடைப்பாக இருக்கலாம், அதற்கும் அப்படியே. மலை ஏறுவது அடுத்த பூசத்துக்கு ஆகட்டும்.