எடைக்குப் போடுவதற்கு முன்

நகரத்துத் தெருவொன்றில் புதைத்திருக்கும் உயரழுத்த மின்கேபிள் பழுதானால் நாம் காணும் காட்சி ஏறக்குறைய ஒன்றேதான். இரவோடிரவாகப் பள்ளம் தோண்டி, கருகிய பாகத்தை அறுத்தெடுத்து, புதுத் துண்டு ஒன்றைச் சேர்த்து ஜாயின்ட் போட்டு, மண்ணைத் தள்ளி மூடி, மின்சாரம் வந்துவிட்ட திருப்தியில் எல்லோரும் கலைந்துபோக, அறுத்தெடுத்த துண்டு பெரும்பாலும் உள்ளிருக்கும் உலோகத்தின் விலையை உத்தேசித்து எடைக்குப் போய்ச் சேருகிறது. நடந்தது என்னவென்று சொல்லக்கூடிய சாட்சி அந்தத் துண்டு ஒன்றே. அதை விசாரியாமல் விற்பது கூடாது என்பது நமது திடமான அபிப்பிராயம்.

மேலான மின்காப்புப் பொருளைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று பேசுகிறவர்கள், அந்தப் பொருளின் குற்றங்குறைகள் எங்கே வெளிப்படுகின்றன என்பதை யோசிப்பதில்லை. சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டின் இறுதியில், ஃபெராண்டி என்பவர் லண்டனுக்குப் பத்தாயிரம் வோல்ட் மின்சாரத்தைக் கொண்டுவந்தபோது, மெழுகில் ஊறிய பழுப்புக் காகிதத்தையே காப்பாகச் சுற்றினார். பொட்டலக் காகிதத்துக்கு உறவுமுறையான அந்தச் சரக்கு நாற்பதாண்டுக் காலம் உழைத்தது. பிற்பாடு வந்த பாலிதீனோ சோதனைச் சாலையில் சகல பரீட்சைகளிலும் தேறியது. 1963-ல் அதன் மூலக்கூறுகளைக் குறுக்கே பிணைத்து, 90 டிகிரிச் சூட்டையும் தாங்கும்படி செய்த வகையும் வெளிவந்தது. ஆயினும் முப்பது, நாற்பது ஆண்டு உழைக்கும் என்று நம்பி அமெரிக்காவில் புதைத்த ஆரம்பகாலக் கேபிள்கள் பல, அந்தக் கெடுவுக்கு வெகு முன்னரே பழுதாயின.

காரணத்தைக் காட்டிக்கொடுத்தது கத்திதான். பழுதான காப்பைக் காகிதம்போல் மெல்லிசாகச் சீவி, மெதிலீன் நீலச் சாயத்தில் தோய்த்து, பூதக்கண்ணாடியின் கீழ் வைத்தபோது, உள்ளே நீலமரங்கள் கிளைவிட்டிருந்தன. சில உள்விளிம்பிலிருந்து முளைத்தவை, சில நடுவே ஒரு தூசியை வைத்துக்கொண்டு இருபுறமும் விரிந்தவை. ஈரமும் மின்னழுத்தமும் சேர்ந்து ஆண்டுக்கணக்கில் வளர்த்த விருட்சங்கள் அவை. நீராவியில் பதப்படுத்துவதை விட்டு உலர்ந்த நைட்ரஜனில் பதப்படுத்துவதும், காப்பையும் அதன் இருபுறத்து உறைகளையும் தூசி படாமல் ஒரே வீச்சில் வார்ப்பதும், இந்த மரங்களின் வளர்ச்சியைத் தடுக்கும் கலவைகளும் செல்வாக்குப் பெற்றதற்கு இந்தத் தரிசனம் பிரதான காரணம்.

இப்படி அறுத்துப் பார்க்கும் தேவை இப்போது இன்னும் அவசரமானது. 2021-ல் திறக்கப்பட்ட புகளூர்–திருச்சூர் நேர்மின்தடம் 320 கிலோவோல்ட் அழுத்தத்தில், கேரளத்துக்குள் ஒரு பகுதி தூரம் நிலத்தடிக் கேபிளிலேயே செல்கிறது. நேர்மின்சாரத்திலோ காப்பின் உள்ளேயே மின்னேற்றம் தங்கிப்போகிற வேறொரு வியாதியும் உண்டு.

ஆகையால், 33 கிலோவோல்ட்டும் அதற்கு மேலுமுள்ள எந்தக் கேபிள் பழுதானாலும், பழுதான இடத்தோடு இருபுறமும் ஒவ்வொரு முழம் சேர்த்து அறுத்து, தயாரித்த ஆண்டையும் புதைத்த ஆண்டையும் எழுதிக் கட்டி, ஆராய்ச்சிச் சாலைக்கு அனுப்புவதை விதியாக்க வேண்டும்; முடிவுகளைப் பகிரங்கமாக வெளியிட வேண்டும். தயாரிப்பாளர்களின் பெயர் கெடும் என்பார்கள். டெண்டரில் மலிவு விலையை மட்டும் பார்த்துப் பழகிய நமக்கு, அந்தப் பெயர்களைத் தெரிந்துகொள்வது நஷ்டமாகாது. செலவோ, ஒரு கூர்மையான கத்தியும், சிறிது சாயமும், உட்கார்ந்து பார்க்கப் பொறுமையுள்ள ஓர் ஆளும்.