எங்கள் பிள்ளைகளின் தோலில் யாருக்கு இலாபம்?



"சம்பளம், வீடு, காணி என்று பேச எவ்வளவோ இருக்க, முகத்துக்குப் பூசும் கிறீமைப் பற்றியா சங்கம் பேசுவது?" மாதர் கூட்டத்தில் இந்த விஷயத்தை எடுத்தபோது தோட்டத் தலைவர் ஒருவர் என்னிடம் கேட்டார். அவருக்கும் அவரைப்போல நினைப்பவர்களுக்கும் இதுதான் என் பதில்.

என்னிடம் படித்த பிள்ளை ஒருத்தி, சாதாரண தரம் எழுதிய கையோடு வெள்ளவத்தையில் ஒரு புடவைக்கடைக்கு வேலைக்குப் போனாள். தங்கியது கொட்டாஞ்சேனையில், ஆறு பேர் படுக்கும் ஓர் அறையில். இரண்டாவது வாரமே மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார்: "முன்னுக்கு நிற்கிற பிள்ளைகள் கொஞ்சம் வெளுப்பாக இருக்கவேணும்." கூட இருந்தவர்கள் காட்டிய இடத்தில் ஒரு சின்ன டப்பா வாங்கினாள். அதில் லேபிளே இல்லை. தீபாவளிக்கு வந்தபோது லயமே அவள் முகத்தைப் பார்த்து வியந்தது. தைப்பொங்கலுக்கு அதே முகத்தை சால்வையால் மூடிக்கொண்டு வந்தாள். பூசாவிட்டால் எரிச்சல், வெயில் பட்டால் நெருப்பு, கன்னத்தில் சிவப்பு நரம்பு. அவளுடைய தாயோ, டப்பாவில் மிச்சமிருந்ததை வீணாக்கக்கூடாது என்று தன் தொடையிடுக்கில் இருந்த படர்தாமரைக்குப் பூசிக்கொண்டிருந்தார். அது வயிறு வரை பரவியிருந்தது.

பெயரில்லாத வெளுப்புக் கிறீம்களில் பெரும்பாலும் மறைந்திருப்பவை இரண்டு. ஒன்று பாதரசம். தோலுக்கு நிறம் தரும் பொருள் உருவாவதை அது தடுக்கிறது, அதனால்தான் வெளுக்கிறது. ஆனால் தோல் வழியாக உள்ளே போய் சிறுநீரகத்தையும் நரம்பையும் கெடுக்கிறது. கர்ப்பிணித் தாயிடமிருந்து வயிற்றுப் பிள்ளைக்கும் போகிறது. பூசிய கையும் தலையணையும் பட்டு, பூசாத கைக்குழந்தைக்கும் சேர்கிறது. மற்றது ஸ்டீரொயிட் மருந்து. டொக்டர் சொன்ன நோய்க்கு, சொன்ன நாளுக்குப் பூசினால் அது நல்ல மருந்து. மாதக்கணக்கில் முகத்தில் பூசினால் தோல் மெலிகிறது, பரு வெடிக்கிறது, நிறுத்தினால் எரிகிறது. படர்தாமரைக்குப் பூசினாலோ அரிப்பு அடங்கும், பூஞ்சணம் அடங்காது; உள்ளுக்குள் பரவும். அந்தத் தாய்க்கு நடந்தது அதுதான்.

சட்டம் இல்லையா? ஜப்பானில் தொழிற்சாலைக் கழிவுப் பாதரசம் கடலில் கலந்து, மீன் தின்ற மக்களை முடமாக்கிய ஊர் மினமாட்டா. அந்தப் பெயரில் 2013 இல் உருவான சர்வதேச உடன்படிக்கையில் 2017 இல் இலங்கையும் சேர்ந்தது. பாதரசம் சேர்த்த அழகுசாதனங்களை 2025 க்குள் முற்றாக நிறுத்துவது என்று 2023 இல் ஜெனீவாவில் முடிவானது. ஆனால் இங்கே? 1980 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரிலேயே அழகுசாதனப் பொருட்களும் இருந்தன. 2015 இல் அதற்குப் பதிலாக வந்த தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைச் சட்டத்தின் பெயரில் மருந்து மட்டும்தான். டப்பாவோ இன்னும் கடை மேசையில் இருக்கிறது.

ஒரு கணக்கு பாருங்கள். 1975 இல் இந்தியாவில் 'ஃபெயார் அன்ட் லவ்லி' வந்தது. அந்தக் கிறீமில் பாதரசம் என்று நான் சொல்லவில்லை. கறுப்பாக இருந்தால் வேலையும் கிடைக்காது, மாப்பிள்ளையும் கிடைக்காது என்ற பயத்தை விளம்பரமாக விற்றார்கள் என்கிறேன். 2020 இல் பெயரை மாற்றினார்கள், பயம் மாறவில்லை. அதை விற்ற யூனிலீவர்தான் 2022 வரை லிப்டன் தேயிலையையும் விற்றது. வெயிலில் நின்று கொழுந்து பறித்துக் கறுத்தவர்களும் நாங்கள், அந்தக் கறுப்புக்கு வெட்கப்பட்டுக் காசு கொடுத்தவர்களும் நாங்கள்! பெண் பார்க்கப் போய் "பிள்ளை கொஞ்சம் நிறம் குறைவு" என்று சொல்லும் வாய் எங்கள் லயத்திலும் இருக்கிறது. அதையும் ஒத்துக்கொள்ளவேண்டும்.

சகோதரிகளே, இவற்றைக் கவனியுங்கள்:

உள்ளடக்கம், இறக்குமதியாளர் பெயர், காலாவதித் திகதி இல்லாத டப்பாவை வாங்காதீர்கள். "தங்கம், வெள்ளி நகையில் படக்கூடாது" என்று எழுதியிருந்தால் பாதரசம் என்று சந்தேகப்படுங்கள். ஏழு நாளில் வெளுக்கவைக்கும் எதையும் நம்பாதீர்கள். ஏற்கெனவே பூசுகிறவர்கள் டப்பாவோடு ஆஸ்பத்திரித் தோல் கிளினிக்குக்குப் போங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் காசு இல்லை.

மழையில் நனைந்த படங்கோடு நாள் முழுக்க நிற்பதால் இடுக்கில் புண்ணும் அரிப்பும் வருகின்றன. அதற்கு முகக்கிறீமோ அடுத்த வீட்டு மருந்தோ பூசவேண்டாம். வெள்ளைபடுதலுக்கும் பெண்ணுறுப்பு அரிப்புக்கும் பல காரணம் உண்டு. சீனி வியாதியும் ஒரு காரணம். எல்லாவற்றுக்கும் ஒரே கிறீம் கிடையாது. குடும்பநல உத்தியோகத்தரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். நாற்றத்தோடு கழிவு வந்தாலோ, மாதவிடாய் நின்றபின் இரத்தம் பட்டாலோ ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள்.

இனி, தலைவர் அண்ணனுக்கு. நிறம் பார்த்து வேலைக்கு நிறுத்துவது தொழிலாளர் பிரச்சினை இல்லையா? மலையில் மலசலகூடமும் இல்லாமல், கையுறையும் மாற்றுத்துணியும் இல்லாமல் பெண்கள் புண்ணோடு வேலை செய்வது தொழிலாளர் பிரச்சினை இல்லையா? 2024 இல் 1350 ரூபாய் நாட்சம்பளத்துக்கு எத்தனை ஆண்டு கத்தினோம்! அந்தக் காசு விஷ டப்பாவுக்குப் போனால் கேட்கவேண்டாமா?

சங்கம் மூன்றைக் கேட்கவேண்டும். அழகுசாதனப் பொருட்களுக்குப் பல்லுள்ள தனிச் சட்டம். கொழும்பிலும் மலையகப் பட்டணங்களிலும் தொடர்ச்சியான கடைச் சோதனை. ஒவ்வொரு தோட்டத்திலும் மலையில் மலசலகூடமும், பெண்கள் கூச்சமில்லாமல் பேசக்கூடிய மாதாந்தக் கிளினிக்கும்.

அதுவரை நாங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. லேபிள் இல்லாத டப்பாவைக் கண்டால் நுகர்வோர் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு அழையுங்கள். தயக்கமாக இருந்தால் மாதர் கிளையிடம் கொண்டுவாருங்கள், நாங்கள் பேசுகிறோம்.

அந்தப் பிள்ளை இப்போது கிளினிக்குக்குப் போய்வருகிறாள். முகம் மெல்ல ஆறுகிறது. அவளுடைய சொந்த நிறம் திரும்பி வருகிறது. அந்த நிறத்தோடு அவள் கடையின் முன்னுக்கு நிற்கவேண்டும்.