வினையோடு சேர்த்தே படிப்போம்

ஆங்கிலத்தில் கடிதமோ அறிக்கையோ எழுதும்போது தமிழர்கள் பெரிதும் தடுமாறுவது, வினைச்சொல்லுக்குப் பின் எந்தப் பிரிபொசிஷன் வரும் என்பதில்தான். ‘சம்பள உயர்வைப் பற்றி விவாதித்தோம்’ என்று தமிழில் நினைத்து, ‘டிஸ்கஸ்’ என்ற வினைக்குப் பின் ‘அபவுட்’ போட்டுவிடுகிறோம். அந்த வினைக்கு அது வேண்டாம். ஆனால், ‘டாக்’ என்ற வினைக்கு வேண்டும். ‘டிஸ்கஷன்’ என்று பெயர்ச்சொல்லாக எழுதினாலும் ‘அபவுட்’ வரலாம். ‘ரிக்வெஸ்ட்’டும் இப்படித்தான். விடுப்பு வேண்டுவதைச் சொல்ல அதை வினையாக எழுதினால் ‘ஃபார்’ கூடாது. பெயராக எழுதினால் ‘ஃபார்’ வேண்டும்.

இது மாணவர்களின் கவனக்குறைவல்ல. கற்பிக்கும் முறையில் உள்ள கோளாறு. மேசையையும் பெட்டியையும் காட்டி ‘ஆன்’ என்றால் மேலே, ‘இன்’ என்றால் உள்ளே என்று தொடங்குகிறோம். தொடக்கத்துக்கு அது சரி. பிறகும் அங்கேயே நின்றுவிடுகிறோம். ‘டிபெண்ட்’ ஏன் ‘ஆன்’ கேட்கிறது என்பதற்கு அந்த மேசையில் விடை இல்லை. ‘கன்சிஸ்ட்’, ‘கம்ப்ரைஸ்’ இரண்டும் ஏறக்குறைய ஒரே பொருள் தருபவை. முன்னதற்கு ‘ஆஃப்’ வேண்டும். பின்னதைச் செய்வினையில் எழுதினால் வேண்டாம். பொருளை மட்டும் வைத்து இதை ஊகிக்க முடியாது. மறுபுறம், ‘அக்ரீ’யில் பிரிபொசிஷன் மாறினால் பொருளே மாறும். நிபந்தனையை ஏற்பதற்கு ‘டு’, ஒருவர் கருத்தோடு உடன்படுவதற்கு ‘வித்’, இரு தரப்பும் ஒரு தேதியை முடிவுசெய்வதற்கு ‘ஆன்’. ஒப்பந்தக் கடிதத்தில் இது சிறிய வேறுபாடு அல்ல.

வினைதான் உருபைத் தீர்மானிக்கிறது என்பது தமிழுக்குப் புதிதல்ல. ‘அவனுக்கு உதவினேன்’ என்போம். ‘அவனை உதவினேன்’ என்று எந்தக் குழந்தையும் சொல்லாது. தொல்காப்பியத்தின் வேற்றுமையியல், ‘ஐ’ உருபை விளக்கும்போது காத்தல், ஒத்தல் என்று அது ஏற்கும் வினைப்பொருள்களையும் வரிசையாகத் தருகிறது. ஆங்கிலத்துக்கும் இதே போன்ற முயற்சி நடந்தது. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ.எஸ். ஹார்ன்பி, 1942இல் டோக்கியோவில் வெளியான தம் அகராதியில் ஒவ்வொரு வினையும் எந்த அமைப்பில் வரும் என்று குறித்தார். அதுவே பின்னாளில் ஆக்ஸ்ஃபோர்டின் கற்போர் அகராதியாக வளர்ந்தது.

ஆகவே, கோடிட்ட இடத்தை நிரப்பும் பயிற்சி மட்டும் போதாது. புதிய வினை ஒன்றைக் கற்பிக்கும் அன்றே, அதற்குரிய பிரிபொசிஷனையும் ஒரு முழு வாக்கியத்தையும் ஆசிரியர்கள் சேர்த்துத் தர வேண்டும். கற்போர் அகராதியைப் புரட்டிப் பார்க்கும் பழக்கம் வகுப்பறையிலேயே தொடங்க வேண்டும். பாடநூல் எழுதுவோரும் வினாத்தாள் தயாரிப்போரும் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.