ஓவியத்தில் ஓடும் கப்பல்

கௌண்டின்யா என்ற பாய்மரக் கப்பலை இந்தியக் கடற்படை 2025ஆம் ஆண்டு கார்வாரில் தன் அணியில் சேர்த்துக்கொண்டது. அஜந்தா ஓவியமொன்றில் காணப்படும் ஐந்தாம் நூற்றாண்டுக் கப்பலை முன்மாதிரியாகக் கொண்டு, பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய கப்பல் அது. பாராட்டத்தக்க முயற்சி, மறுப்பில்லை. ஆனால் ஓவியம் கப்பல் கட்டவில்லை. கேரளத்தின் பாபு சங்கரனும் அவருடைய தச்சர்களும் கட்டினார்கள். அந்தக் கைகள் மிஞ்சியிருந்ததால்தான் கப்பல் மிதந்தது. இந்த எளிய உண்மையை மரபின் பெருமை பேசுவோர் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குச் சரக்கேற்றிச் சென்ற தோணிகள் இருபதாம் நூற்றாண்டிலும் நெடுங்காலம் பாயை நம்பி ஓடியவை. பின்னர் இயந்திரத்துக்கு மாறின. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் நிவாரணமாக வந்து குவிந்த கண்ணாடியிழைப் படகுகள் கட்டுமரத்தையும் ஓரங்கட்டின. எஞ்சின் வாங்கிய மீனவரை நாம் குறை சொல்லவில்லை. பழம்பெருமை அவருக்குச் சோறு போடாது. நம் வழக்கு, அந்த அறிவு கைவிட்டுப் போவதைக் கரையில் நின்று வேடிக்கை பார்த்த கல்விப்புலத்தோடும் பண்பாட்டுக் காவலர்களோடும்தான்.

பாயைத் தாங்கும் குறுக்குக் கழி பருமல். பாயின் கீழ்முனையை இழுத்துக் கட்டும் கயிறு தாமான். இச்சொற்களை அகராதி காப்பாற்றிவிடும். வாடையில் தாமானை எவ்வளவு தளர்த்துவது, கச்சானில் பாயை எப்போது சுருக்குவது என்பதை எந்த அகராதி சொல்லும்? தோணி வாழ்வைச் சொன்ன ஜோ டி குரூஸின் ‘கொற்கை’ 2013இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. நாவலைக் கொண்டாடியது சரி. தோணியைப் பற்றி எத்தனை பேர் விசாரித்தார்கள்?

கடலே இல்லாத கீழ்பென்னாத்தூரில் இருந்துகொண்டு உங்களுக்கு ஏன் இந்தக் கவலை என்று கேட்கலாம். மதகு, மடை, கோடி என்ற ஏரிச் சொற்கள், ஏரியைப் பராமரிக்கும் பழக்கம் குறையக் குறைய எங்கள் பிள்ளைகளின் நாவிலிருந்து நழுவுவதைக் கண்டவர்கள் நாங்கள். தொழில் போனால் சொல்லும் போகும். இதில் கடல், கரை என்ற பேதமில்லை.

இன்னும் காலம் கடந்துவிடவில்லை. தொண்டிப் பகுதியில் திருவிழாக்களை ஒட்டிப் பாய்மரப் படகுப் போட்டிகள் நடக்கின்றன. அங்கே படகு கட்டுபவரும் பாய் பிடிப்பவரும் இருக்கிறார்கள். அவர்களை ஆசிரியர்களாக ஏற்று, உரிய ஊதியம் தந்து, இளைஞர்களுக்குப் பழக்கச் சொல்லுங்கள். அவர்கள் சொல்வதையும் செய்வதையும் ஒருசேரப் பதிவு செய்யுங்கள். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கடல்சார் வரலாற்றுக்கென்றே ஒரு துறை இருக்கிறது. மூழ்கிய கலங்களின் மீதுள்ள அக்கறை, மிதந்துகொண்டிருக்கும் கலங்களின் மீதும் படியட்டும். இல்லையேல், நூறாண்டு கழித்து இன்னொரு ஓவியத்தைப் பார்த்து இன்னொரு கப்பல் கட்ட வேண்டியிருக்கும். அப்போது தச்சருக்கு எங்கே போவது?