பெரிய கொம்பனியில் வேலை

"கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்" என்பது யாழ்ப்பாணத்து மூத்தோர் வாக்கு. அரசாங்க உத்தியோகத்துக்கு அன்றிருந்த மதிப்பிலே பெரும்பகுதி இன்று கொழும்பிலுள்ள பெரிய கொம்பனிகளுக்கும் வாய்த்திருக்கிறது. கலியாணப் பேச்சு நடக்கும் வீடுகளில் இதனை நன்கு காணலாம்.

சென்ற மாதம் நம்மிடம் பயின்ற மாணவர் ஒருவர் இரண்டு கடிதங்களுடன் வந்தார். கணக்கியல் பட்டதாரி, தந்தையை இழந்தவர், தாயார் ஊரிலே தனியாக இருக்கிறார். ஒரு கடிதம் நூறாண்டு கடந்த கொழும்புக் கொம்பனி ஒன்றினுடையது. மற்றையது யாழ்ப்பாணத்திலேயே 8 பேர் வேலை செய்யும் சிறு நிறுவனத்தினுடையது. சம்பளம் சற்றுக் கூட. தாயார் பெரிய இடத்தையே விரும்பினாராம். "நீங்கள் ஒரு முடிவு சொல்லுங்கள், சேர்" என்றார்.

ஆசிரியத் தொழிலுக்கு வருமுன் நாமும் மூன்று ஆண்டுகள் ஒரு பெரிய கொம்பனியில் இருந்தோம். விலைப்பட்டியல் வரும், கட்டளையோடும் பொருள் வந்து சேர்ந்த குறிப்போடும் அதை ஒப்பிட்டுக் கையொப்பமிட்டு அடுத்த மேசைக்குத் தள்ளுவோம். அதன்பின் அது எங்கே போயிற்று என்பது அடுத்த மேசைக்காரர் அறிந்தது. மூன்றாண்டு முடிவிலும் ஓராண்டுக் கணக்கை எவ்வாறு முடிப்பதென்று நமக்குத் தெரியாது. ஒரு படிவத்தில் வீணான ஒரு நிரலை நீக்கலாமென்று எழுதிக் கொடுத்தோம். நாம் விலகும் நாள்வரையில் அந்தக் கடிதம் மேலதிகாரிகளின் கையொப்பங்களைச் சேகரித்துக்கொண்டே இருந்தது.

ஆனால் நம் தந்தையார் வைத்தியசாலையில் கிடந்தபோது, கடன் பணம் நான்காம் நாள் கைக்கு வந்தது. லீவு கேட்டபோது எவரும் முகம் சுளிக்கவில்லை. அது ஒருவருடைய தயவும் அன்று; விதியில் எழுதியிருந்தது, கிடைத்தது. சிறிய இடத்தில் முதலாளி நல்லவராயின் இதனினும் விரைவில் உதவுவார். அல்லாவிடின் கேட்பதற்கே நாக்கூசும்.

சட்டமும் இவ்விரண்டு இடங்களையும் ஒன்றாகப் பார்ப்பதில்லை. ஊழியர் சேமலாப நிதிக்கு, ஊழியர் ஒருவரேயாயினும், அவர் நூற்றுக்கு 8உம் வேலைகொள்வோர் 12உம் செலுத்த வேண்டும். இது 1958ஆம் ஆண்டுச் சட்டம். ஆனால் 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் 15 ஊழியராவது உள்ள இடங்களையே கட்டுப்படுத்துகிறது. அங்கே ஐந்தாண்டு சேவை முடித்த மாதச் சம்பளக்காரருக்கு, ஆண்டுக்கு அரைமாதச் சம்பளம் வீதம் கிடைக்கும். ஒழுக்காற்றுக் காரணமின்றி ஒருவரை நிறுத்துவதாயின் அவருடைய எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ வேண்டும் என்ற 1971ஆம் ஆண்டுச் சட்டமும் 15 பேருக்குக் குறைந்த இடங்களுக்குப் பொருந்தாது. நம் மாணவர் இவற்றில் ஒன்றையேனும் அறிந்திருக்கவில்லை. பட்டப் படிப்பில் இவை எங்கோ வந்திருக்கும். சோதனை முடிந்ததும் போயிருக்கும்.

பெரியது என்பதனால் அழியாதது என்று எண்ணவும் வேண்டாம். நம் வீட்டுக் கலியாணப் படங்களெல்லாம் கொடாக் படச்சுருளில் எடுக்கப்பட்டவை. டிஜிட்டல் கமராவை 1975இலேயே தன் கூடத்தில் செய்து பார்த்த கொம்பனி அது. படச்சுருள் வியாபாரமோ நன்றாக நடந்துகொண்டிருந்தது. ஆகவே புதியதை முழு மனத்துடன் தழுவ அதற்கு இயலவில்லை. 2012இல் கடன் தீர்க்க வகையின்றி நீதிமன்றத்தை நாடியது. அங்கே ஒரே மேசையில் ஆயுளைக் கழித்தவர்களின் நிலையை மாணவருக்கு எடுத்துரைத்தோம்.

முடிவு சொல்ல நாம் மறுத்தோம். சிறிய நிறுவனத்திடம் சேமலாப நிதி அங்கத்துவ இலக்கம் எப்போது கிடைக்கும் என்றும், பெரிய கொம்பனியிடம் எத்தனை ஆண்டில் வேறு பிரிவுக்கு மாற்றுவார்கள் என்றும் கேட்டுவரச் சொன்னோம். கொழும்பிலிருந்து இரண்டாண்டு என்று எழுத்தில் பதில் வந்தது. இங்குள்ள முதலாளி, "தம்பி, நாங்கள் எல்லாரும் ஒரு குடும்பம் மாதிரி" என்று கூறித் தேநீர் கொடுத்தனுப்பினாராம்.

மாணவர் கொழும்புக்குப் போய்விட்டார். நேற்று அவருடைய தாயார் நம் வீட்டுக்கு வந்து, அந்தக் கொம்பனிக்கு யாழ்ப்பாணத்தில் கிளை உண்டா என்று விசாரித்தார்.