ஒரு நகசோ போதுமா?

கபுகி என்னும் ஜப்பானிய நாடகக் கலையில் புகழ்பெற்ற நடிகர் பெயர்கள் பெரும்பாலும் தந்தையிடமிருந்து மகனுக்கு வருவதே மரபு. நடிகர் குடும்பத்தில் பிறவாமலே உயர்ந்தவர் முதலாம் நகமுரா நகசோ (1736-1790). 1766-இல் எடோ நகரில் ‘சூஷிங்குரா’ நாடகத்தில் அவருக்குக் கிடைத்தது சதகுரோ என்ற கொள்ளைக்காரனின் சிறு வேடமே. அதுவரை அவனை முரட்டு மலைக்கள்வனாகவே நடித்தனர். அவன் கெட்டலைந்த சாமுராய் மகன் என்பதைச் சிந்தித்த நகசோ, வெளுத்த முகமும் கறுப்பு உடையும் நனைந்த தலையுமாகத் தோன்றினார். பின்வந்த நடிகர்கள் அவர் வழியையே பின்பற்றினர்.

“திறமை இருந்தால் எவரும் உயரலாம், இவரே சான்று” என்பர் சிலர். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த நான் அவ்வாறு கருதவில்லை. ஒருவர் சுவரேறிக் குதித்ததால் கதவு திறந்திருந்தது என்று ஆகுமா? வேடமே கிடைக்காமல் மறைந்த நகசோக்கள் எத்தனை பேரோ! மேடைக்கு வரும் வழி எல்லார்க்கும் பொதுவாக வேண்டும் என்பதே என் கருத்து.